பழைய லைப்ரரியை ஸ்விஃப்ட் 6 மொழி முறைக்கு மாற்றுவது: 214 பிழைகள், எங்கிருந்து தொடங்குவது?

தறி (திங்கள், இரவு 9.12)

வணக்கம். 2016-இல், ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டின் 3-ஆம் பதிப்பு வெளிவந்த சமயத்தில் தொடங்கப்பட்ட ஒரு லைப்ரரியை நான் பராமரித்து வருகிறேன். இணையத்திலிருந்து படங்களை இறக்குவது, நினைவகத்திலும் வட்டிலும் சேமிப்பது, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. எங்கள் அலுவலகத்தின் மூன்று செயலிகள் அதை நம்பி இருக்கின்றன. வெளியாட்களும் பயன்படுத்துகிறார்கள்.

சென்ற வாரம் பேக்கேஜ் கோப்பின் முதல் வரியில் இருக்கும் கருவிப் பதிப்பை 6.0 என்று மாற்றினேன். ஒரே தரவை இரண்டு த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) மோதித் தொடக்கூடிய இடங்களை 6-ஆம் மொழி முறை கம்பைல் செய்யும்போதே பிடிக்கிறது. உடனே 214 பிழைகள் வந்து நின்றன. புரட்டிப் பார்த்ததில் பெரும்பாலும் நான்கு வகை. 'ஸ்டாட்டிக் வார்' என்று எழுதப்பட்ட பொது அமைப்புகள் பாதுகாப்பற்றவை என்கிறது. நினைவகச் சேமிப்புக்கான கிளாஸ் 'சென்டபிள்' (த்ரெட்டுகளுக்கிடையே பாதுகாப்பாகக் கைமாறக்கூடியது) இல்லை என்கிறது. வேலை முடிந்ததும் அழைக்கப்படும் க்ளோஷர்களை வேறு த்ரெட்டுக்குக் கடத்தக் கூடாது என்கிறது. டெலிகேட் புரோட்டோகாலை மெயின் ஆக்டரில் (முதன்மை த்ரெட்டில் மட்டும் ஓடும் பகுதியில்) இருக்கும் கிளாஸ் நிறைவேற்ற முடியாது என்கிறது.

உடன் வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார். எல்லா கிளாஸுக்கும் 'அன்செக்டு சென்டபிள்' போட்டு, எல்லாப் பொது மாறிகளுக்கும் 'நான்ஐசோலேட்டட் அன்சேஃப்' போட்டு, இவற்றைச் சரிபார்க்காதே என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார். என் மனம் ஒப்பவில்லை. கம்பைலர் ஏதோ சொல்ல வருகிறது, அதன் வாயைப் பொத்தக் கூடாது என்று தோன்றுகிறது. ஆனால் எந்த வரிசையில் தொடங்குவது என்றும் தெரியவில்லை. இந்த வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லணை (திங்கள், இரவு 10.05)

நண்பரே, முதலில் அந்த முதல் வரியைப் பழையபடி மாற்றிவிடுங்கள். கருவிப் பதிப்பை 6.0 ஆக்கி வேறு எதுவும் குறிக்காவிட்டால் பேக்கேஜில் உள்ள எல்லா இலக்குகளும் ஒரே நேரத்தில் 6-ஆம் மொழி முறைக்குப் போய்விடும். 214 பிழைகளோடு எதுவுமே கம்பைல் ஆகாத நிலையில் வேலை செய்தால், நீங்கள் செய்த மாற்றம் சரியா தவறா என்று சோதனை ஓட்டிப் பார்க்கக்கூட வழியிருக்காது.

ஸ்விஃப்ட் 6 கம்பைலர் வேறு, ஸ்விஃப்ட் 6 மொழி முறை வேறு. 2024 செப்டம்பரில் வந்த புதிய கம்பைலரிலேயே 5-ஆம் மொழி முறையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். 5-ஆம் முறையில் இருந்துகொண்டே 'கம்ப்ளீட்' அளவிலான த்ரெட் பாதுகாப்புச் சோதனையை இயக்குங்கள். அந்தப் பிழைகள் எச்சரிக்கைகளாக மட்டும் வரும். லைப்ரரி கம்பைல் ஆகும், சோதனைகள் ஓடும், வெளியீடுகளும் தடைபடாது. இந்த ஏற்பாடு புதிதல்ல. 2021-இல் 5.5 பதிப்பில் காத்திருந்து முடியும் வேலைகளுக்கான ஏசிங்க், அவெயிட், தன் தரவை ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் ஆக்டர் எல்லாம் வந்தபோதே, இது படிப்படியாகத்தான் நடக்கும் என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மினிமல், டார்கெட்டட், கம்ப்ளீட் என்று மூன்று படிகள் வைத்தார்கள்.

இன்னொன்று. 5.10 கம்பைலரில் எண்ணிய எச்சரிக்கைகளை நம்ப வேண்டாம். ஒரு பொருளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அதைத் தொடவே இல்லையென்றால் அது ஆபத்தில்லை என்று கண்டுகொள்ளும் அறிவு 6.0-இல்தான் கம்பைலருக்கு வந்தது. 5.10-இல் கத்திய பல இடங்களில் 6.0 அமைதியாக இருக்கும்.

வரிசை என்று கேட்டீர்கள். உங்கள் பேக்கேஜில் யாரையும் சாராத இலக்கு எதுவோ, அதிலிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வோர் இலக்காக எச்சரிக்கை இல்லாமல் ஆக்குங்கள். முதல் இலக்கு தயாரானதும் கருவிப் பதிப்பை 6.0 ஆக்கி, மற்ற இலக்குகளுக்கு 5-ஆம் முறை என்று வெளிப்படையாக எழுதி, தயாரான இலக்கை மட்டும் 6-ஆம் முறையில் பூட்டுங்கள். 6-இல் இருக்கும் இலக்கும் 5-இல் இருக்கும் இலக்கும் ஒரே பேக்கேஜில் கூடி வாழும்.

ஒவ்வோர் இலக்கிலும் முதலில் கை வைக்க வேண்டியது பொது மாறிகளில். உங்கள் 'ஸ்டாட்டிக் வார்' பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் தொடக்கத்துக்குப் பிறகு யாராவது மாற்றுகிறார்களா என்று தேடுங்கள். பாதிக்கு மேல் யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். பழக்க தோஷத்தில் 'வார்' என்று எழுதியிருப்போம். 'லெட்' ஆக்கினால் போதும். 'ஸ்டாட்டிக் லெட்' முதல்முறை தொடும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகும், எத்தனை த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் வந்தாலும். இதை மொழியே உறுதி செய்கிறது. 214 என்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம், வேர்கள் சில, கிளைகள்தான் பல.

புதுவரவு (திங்கள், இரவு 11.30)

அண்ணா, ஒரு சந்தேகம். என்னிடமும் இப்படி ஒரு சேமிப்புக் கிளாஸ் இருக்கிறது. உள்ளே ஒரு டிக்‌ஷனரி, அதைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரே ஒரு சீரியல் டிஸ்பேட்ச் க்யூவின் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் ஓடவிடும் வரிசையின்) வழியாகத்தான் போகும். அதாவது, ஏற்கெனவே பாதுகாப்பானது. அப்படியிருந்தும் கம்பைலர் ஏன் ஏற்க மறுக்கிறது?

நடுநிசி (செவ்வாய், அதிகாலை 1.20)

ஏனென்றால் உங்கள் ஏற்பாடு உங்கள் மனதில் இருக்கிறது, நிரலில் இல்லை. கம்பைலருக்குத் தெரிவது இரண்டே செய்திகள்: இது ஒரு கிளாஸ், உள்ளே மாறக்கூடிய ஒரு டிக்‌ஷனரி இருக்கிறது. பக்கத்து வரியில் இருக்கும் க்யூ அந்த டிக்‌ஷனரிக்குக் காவல் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் அந்த வடிவத்தில் வழியில்லை.

உண்மையிலேயே ஒவ்வொரு ஃபங்ஷனும் க்யூ வழியாகப் போகிறதா? இதை நான் சும்மா கேட்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரு கிளாஸும் இதே அமைப்புதான். சேர்ப்பது க்யூவில், எடுப்பது க்யூவில், அழிப்பது க்யூவில். எழுதியவர் மிகக் கவனமானவர். நான்கு ஆண்டுகள் கழித்து, எத்தனை படங்கள் சேமிப்பில் இருக்கின்றன என்று திரையில் காட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. வேறொருவர் 'எண்ணிக்கை' என்று ஒரு சிறு கம்ப்யூட்டட் பிராப்பர்ட்டியை எழுதினார். ஒரே வரி: டிக்‌ஷனரியின் கவுண்ட்டைத் திருப்பித் தருவது. க்யூ இல்லை. சரிபார்த்த இருவரில் நானும் ஒருவன், என் கண்ணிலும் படவில்லை. படிப்பதுதானே, எழுதவில்லையே என்று மனம் தானாகக் கடந்துவிடுகிறது. ஆனால் ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று படித்தாலும் அது டேட்டா ரேஸ்தான். டிக்‌ஷனரி தன் உள் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் படித்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை எட்டிப் பார்க்கிறீர்கள்.

2016-இல் ஆப்பிளின் நிரலாக்கச் சூழலான எக்ஸ்கோடு 8-உடன் வந்த, டேட்டா ரேஸ்களைத் தேடும் த்ரெட் சானிடைசர் அருமையான கருவி. ஆனால் அது ஓடிய பாதையை மட்டும்தான் பார்க்கும். எண்ணிக்கையைக் காட்டும் அந்தத் திரையை எந்தச் சோதனையும் திறக்கவில்லை, அதனால் அதுவும் வாய் திறக்கவில்லை. கம்பைலர் ஓடாமலேயே பிடிக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலை பாடுபடத் தகுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தறி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'அன்செக்டு சென்டபிள்' தீண்டத்தகாத ஒன்றல்ல. அது கம்பைலருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பார்க்காதே" என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். முந்நூறு வரி கிளாஸுக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டால், நாளை அதில் யார் எந்த வரியைச் சேர்த்தாலும் அதற்கும் நீங்களே பொறுப்பு. 'எண்ணிக்கை' போல ஒன்று மறுபடி நுழைந்தால் எந்தக் காவலும் இருக்காது.

ஆகவே பத்திரத்தைச் சிறிதாக்குங்கள். மாறக்கூடிய எல்லாவற்றையும், அதாவது டிக்‌ஷனரி, மொத்த அளவு, கடைசியாகத் தொட்ட நேரங்கள் அனைத்தையும், ஒரு சிறு ஸ்ட்ரக்டுக்குள் போடுங்கள். அந்த ஸ்ட்ரக்டை ஒரு பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியைத் திறக்க ஒரே வழிதான் இருக்க வேண்டும்: ஒரு க்ளோஷரைக் கொடுத்தால் பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை அதற்குக் காட்டி, முடிந்ததும் பூட்டிவிடும். வெளியே இருக்கும் கிளாஸில் அந்தப் பெட்டி ஒரு 'லெட்'. கிளாஸை 'ஃபைனல்' ஆக்குங்கள். இப்போது அதற்கு 'அன்செக்டு' தேவையே இல்லை, வெறும் 'சென்டபிள்' போதும், கம்பைலரே சரிபார்த்துச் சொல்லும். 'எண்ணிக்கை' எழுத வருபவர் பெட்டியைத் திறக்காமல் டிக்‌ஷனரியைத் தொடவே முடியாது.

பெட்டிக்கு என்ன பூட்டு? ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் 15-க்கு மேல் மட்டும் போதுமென்றால் மொழியோடு வரும் மியூடெக்ஸ். ஐஓஎஸ் 16, மேக்ஓஎஸ் 13 வரை வேண்டுமென்றால் 'ஓஎஸ் அலொகேட்டட் அன்ஃபேர் லாக்'. அதற்கும் கீழே ஆதரவு தர வேண்டுமென்றால் என்எஸ்லாக்கை வைத்து இருபது வரியில் நீங்களே ஒரு பெட்டி எழுதிக்கொள்ளலாம். அந்த இருபது வரிக்கு மட்டும் 'அன்செக்டு சென்டபிள்'. முழு லைப்ரரியிலும் அந்தச் சொல் அந்த ஒரு கோப்பில்தான் இருக்க வேண்டும்.

பழைய சி வழி அன்ஃபேர் லாக்கை கிளாஸுக்குள் நேரடியாக ஒரு பிராப்பர்ட்டியாக வைத்து, முன்னால் 'அண்ட்' குறி போட்டு அழைக்கும் நிரலை இன்னும் பல லைப்ரரிகளில் பார்க்கிறேன். அது தவறு. அந்த முகவரி நிலையாக இருக்கும் என்று ஸ்விஃப்ட் உறுதி தரவில்லை. உங்களிடம் இருந்தால் இதோடு சேர்த்து நீக்கிவிடுங்கள்.

முகில்வரி (செவ்வாய், காலை 8.45)

பூட்டு, பெட்டி என்று ஏன் பின்னோக்கிப் போகிறோம்? இதற்காகத்தானே ஆக்டர் கொடுத்திருக்கிறார்கள். கிளாஸ் என்ற சொல்லை ஆக்டர் என்று மாற்றினால் உள்ளிருக்கும் எல்லாமே காக்கப்படும், கையெழுத்தும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். புதிதாக வருபவர்கள் பூட்டு எழுதினால் என்றாவது ஒருநாள் ஒருவருக்காக ஒருவர் முடிவின்றிக் காத்துநிற்கும் டெட்லாக்கில் மாட்டுவார்கள். மொழி தரும் வழியில் போவதே நல்லது.

கல்லணை (செவ்வாய், காலை 10.10)

முகில்வரி, ஆக்டர் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் பத்து ஆண்டுப் பழைய லைப்ரரியில் அது வெளிப்புற முகத்தையே மாற்றிவிடும். இவருடைய நினைவகச் சேமிப்பிடம் செயலி கேட்கும் கேள்வியைப் பாருங்கள்: "இந்த முகவரிக்கான படம் கையில் இருக்கிறதா?" பட்டியலில் ஒரு வரிசையை வரையும்போது கேட்கப்படும் கேள்வி அது. பதில் அந்த இடத்திலேயே வேண்டும். இருந்தால் உடனே காட்டலாம். ஆக்டர் ஆக்கினால் 'அவெயிட்' வந்துவிடும். முதலில் வெற்றுச் சட்டம் வரையப்படும், அடுத்த கணத்தில்தான் படம் வரும். விரலால் உருட்டும் ஒவ்வொரு முறையும் திரை மினுக்கும். படம் கையில் இருந்தும் மினுக்கும். பயனருக்கு அது பின்னடைவு.

அதோடு, லைப்ரரியை அழைக்கும் ஒவ்வொரு சாதாரண ஃபங்ஷனும் ஏசிங்க் ஆக வேண்டியிருக்கும். நம் வீட்டு வேலைக்காக ஊரார் வீட்டுச் சுவரை இடிக்கச் சொல்வது போல. சிலர் அதைத் தவிர்க்க, செமஃபோர் வைத்து ஏசிங்க் வேலை முடியும்வரை த்ரெட்டை நிறுத்திவைப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. ஏசிங்க் வேலைகள் ஓடும் த்ரெட் தொகுதி மிகச் சிறியது, ஏறக்குறைய கருவியின் சிபியுவில் உள்ள கோர்களின் எண்ணிக்கை அளவுதான். நான்கைந்து பேர் அப்படிக் காத்துநின்றால், அவர்கள் காத்திருக்கும் வேலையைச் செய்யவே த்ரெட் மிஞ்சாது.

ஆக்டர் எங்கே பொருந்தும்? இறக்குமதியை ஒருங்கிணைக்கும் பகுதியில் பொருந்தும். அங்கே எப்படியும் காத்திருப்பு உண்டு. ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஒரே படத்தை இரண்டு திரைகள் கேட்டால் ஒருமுறைதான் இறக்க வேண்டும். நான் எழுதியது: டிக்‌ஷனரியில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் 'அவெயிட்' போட்டு இறக்கு, வந்ததும் டிக்‌ஷனரியில் வை. ஆக்டருக்குள்தானே இருக்கிறது, ஒருவர் முடித்த பிறகுதானே அடுத்தவர் வருவார் என்று நினைத்தேன். இல்லை. 'அவெயிட்' என்ற இடத்தில் ஆக்டர் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறது. இரண்டாவது திரை உள்ளே வந்து பார்க்கிறது, டிக்‌ஷனரி இன்னும் காலி, அதுவும் இறக்கத் தொடங்குகிறது. டேட்டா ரேஸ் இல்லை, கம்பைலரும் குறை சொல்லாது, ஆனால் ஒரே படம் இருமுறை இறங்குகிறது. மருந்து எளிது. இறக்கும் வேலையை ஒரு டாஸ்க்காக உருவாக்கி, எந்த 'அவெயிட்'டும் வருவதற்கு முன்பே அந்த டாஸ்க்கை டிக்‌ஷனரியில் வைத்துவிட வேண்டும். இரண்டாவதாக வருபவர் அதே டாஸ்க்குக்காகக் காத்திருப்பார்.

முகில்வரி (செவ்வாய், காலை 11.02)

மினுக்கும் சிக்கலை நான் யோசிக்கவில்லை, ஏற்கிறேன். நினைவகச் சேமிப்புக்குப் பூட்டுப் பெட்டி, இறக்குமதிக்கு ஆக்டர் என்று பிரித்துக்கொள்வதே முறை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பூட்டைப் பயன்படுத்துபவர்கள் 'லாக்', 'அன்லாக்' என்று தனித்தனியே அழைக்காமல் 'வித்லாக்' என்ற வடிவத்தையே பயன்படுத்துங்கள். ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் என்எஸ்லாக்கின் தனி அழைப்புகளைக் கம்பைலரே தடுக்கும். 'வித்லாக்' வாங்கும் க்ளோஷருக்குள் 'அவெயிட்' எழுத முடியாது. பூட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடும் ஆபத்து அதோடு தீர்ந்தது.

ஏரிக்கரை (செவ்வாய், மாலை 6.40)

இதுவரை பேசியது கம்பைலர் சுட்டிக்காட்டும் பிழைகள். கம்பைலர் சுட்டிக்காட்டாமல், மாற்றிய பிறகு பயனரின் கையில் வெடிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் செயலியை 6-ஆம் முறைக்கு மாற்றினோம், ஒரு எச்சரிக்கை இல்லை, எல்லாம் பச்சை. முதல் நாளே பட்டனை அழுத்தியதும் செயலி விழுந்தது. விழுந்த இடத்தில் டிஸ்பேட்ச் க்யூ சரிபார்ப்பு தோற்றது என்று மட்டும் இருந்தது.

நடந்தது இது. திரையைக் கையாளும் கிளாஸ் மெயின் ஆக்டரில் இருக்கிறது. அதற்குள் ஒரு க்ளோஷர் எழுதி, ஒரு பழைய லைப்ரரிக்குக் கொடுக்கிறோம். அந்த லைப்ரரி தன் க்ளோஷர் அளவுருவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, 'சென்டபிள்' என்று குறிக்கவில்லை. சொல்லாததால் கம்பைலர் என்ன முடிவுக்கு வருகிறது? இந்த க்ளோஷர் இருந்த இடத்திலேயே, அதாவது மெயின் ஆக்டரிலேயே அழைக்கப்படும் என்று. உண்மையில் லைப்ரரி அதைப் பின்னணி த்ரெட்டிலிருந்து அழைத்தது. 5-ஆம் முறையில் இது ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 6-ஆம் முறையில், எஸ்இ-0423 என்ற ஸ்விஃப்ட் மொழி மாற்ற முன்மொழிவின்படி, அப்படிப்பட்ட க்ளோஷருக்குள் நுழையும்போதே "நான் மெயின் ஆக்டரில்தான் இருக்கிறேனா" என்று ஓட்ட நேரத்தில் ஒரு சரிபார்ப்பு நடக்கும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும்.

செயலியின் பக்கம் நாங்கள் செய்தது: க்ளோஷரின் தலையில் 'சென்டபிள்' என்று எழுதினோம், அதற்குள்ளிருந்து டாஸ்க் மூலம் மெயின் ஆக்டருக்குத் தாவினோம். ஆனால் தறி, நீங்கள் அந்தப் பழைய லைப்ரரியின் இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பயனர்களில் எத்தனையோ பேர் உங்களுக்கு முன்பே 6-க்குப் போயிருப்பார்கள். நீங்கள் உங்கள் க்ளோஷர் அளவுருக்களில் உண்மையை எழுதாதவரை, அவர்களுடைய செயலிகள் உங்களால் விழும்.

எனவே பொது முகத்தில் இருக்கும் ஒவ்வொரு க்ளோஷரையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதை நான் எங்கிருந்து அழைக்கிறேன்? எப்போதும் முதன்மை த்ரெட்டிலிருந்து என்றால் 'மெயின் ஆக்டர்' என்று குறியுங்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றால் 'சென்டபிள்' என்று குறியுங்கள். 'சில நேரம் அங்கே, சில நேரம் இங்கே' என்று பதில் வந்தால், அதுவே நீங்கள் முதலில் திருத்த வேண்டிய வழு. சேமிப்பில் இருந்தால் அழைத்தவரின் த்ரெட்டிலேயே உடனே, இறக்கினால் பின்னணியில் என்று அழைக்கும் பட லைப்ரரிகள் நிறைய உண்டு.

இந்தக் குறிகளைச் சேர்க்கும்போது 'ப்ரீகன்கரன்சி' என்ற பண்பையும் அந்த அறிவிப்பில் சேருங்கள். 6-க்கு இன்னும் மாறாத பயனர்களின் நிரல் உடையாமல் இருக்கும். பொது ஸ்ட்ரக்டுகளுக்கும் எனம்களுக்கும் 'சென்டபிள்' என்று நீங்களே வெளிப்படையாக எழுத வேண்டும். உள்ளே இருக்கும் எல்லாம் சென்டபிளாகவே இருந்தாலும், பொது வகைகளுக்குக் கம்பைலர் தானாக ஊகித்துக்கொள்ளாது. அது நீங்கள் பயனருக்குத் தரும் வாக்கு என்பதால் உங்கள் வாயாலேயே வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு.

புதுவரவு (செவ்வாய், இரவு 8.15)

எக்ஸ்கோடு 26-இல் புதிய செயலித் திட்டம் தொடங்கினால் எல்லாமே மெயின் ஆக்டரில் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. என் செயலியில் இருந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி அதனால் மறைந்துவிட்டது. லைப்ரரிக்கும் அதையே வைத்துவிடலாமா?

நடுநிசி (செவ்வாய், இரவு 11.50)

வேண்டாம். 2025-இல் 6.2 பதிப்போடு வந்த அந்த வசதி செயலிகளுக்கு நல்லது. செயலியின் பெரும்பகுதி உண்மையிலேயே திரையைச் சார்ந்ததுதான். லைப்ரரியில் அதை வைத்தால் உங்கள் பொது ஃபங்ஷன்கள் அனைத்தும் மெயின் ஆக்டரில் சிறைப்படும். பின்னணியில் படத்தைச் சுருக்க நினைக்கும் பயனர் ஒவ்வொரு முறையும் முதன்மை த்ரெட்டில் வந்து வரிசையில் நிற்க வேண்டும்.

6.2 பற்றிப் பேச்சு வந்ததால், தறி, இதைக் கட்டாயம் கவனியுங்கள். எந்த ஆக்டரையும் சாராத ஏசிங்க் ஃபங்ஷன் எங்கே ஓடும்? 5.7 முதல் பதில் தெளிவு: அழைத்தவர் யாராக இருந்தாலும் அது பொதுத் தொகுதிக்கு, அதாவது பின்னணிக்குத் தாவிவிடும். 6.2-இல் எஸ்இ-0461 கொண்டுவந்த புதிய வசதிக் கொடியை இயக்கினால் பதில் மாறுகிறது. அழைத்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே ஓடும். உங்களிடம் "படத்தை விரித்துக் கொடு" என்று ஒரு ஏசிங்க் ஃபங்ஷன் இருக்கும். திரையிலிருந்து அழைத்தாலும் தானாகப் பின்னணிக்குப் போகும் என்று நம்பி எழுதியிருப்பீர்கள். கொடியை இயக்கிய அன்று, ஒரு வரி மாறாமல், பெரிய ஜேபெக் ஒன்றை விரிக்கும் வேலை முதன்மை த்ரெட்டில் நடக்கத் தொடங்கும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. திரை தடுமாறும், அவ்வளவுதான். கனமான வேலை செய்யும் அப்படிப்பட்ட ஃபங்ஷன்களைக் கண்டெடுத்து 'கன்கரண்ட்' என்று குறித்துவிடுங்கள். கொடியை இயக்குவது அதன் பிறகுதான்.

ஏரிக்கரை (புதன், காலை 7.30)

சிறு குறிப்பு ஒன்று. நினைவகம் குறைகிறது என்ற அறிவிப்பைக் கேட்க நோட்டிஃபிகேஷன் சென்டரில் க்ளோஷர் பதிவு செய்திருப்பீர்கள். க்யூ என்ற இடத்தில் 'மெயின்' என்று கொடுத்திருந்தாலும் கம்பைலர் அதைப் புரிந்துகொள்ளாது, மெயின் ஆக்டரில் உள்ளதைத் தொடக் கூடாது என்றே சொல்லும். அங்கே 'மெயின் ஆக்டர் அஸ்யூம் ஐசோலேட்டட்' என்று எழுதுவது நேர்மையானது. ஏனென்றால் நீங்கள் சொல்வது பொய்யானால் அந்த இடத்திலேயே நிரல் நின்றுவிடும். ஓசையில்லாமல் தரவைக் கெடுக்காது.

தறி (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.25)

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

பழைய கருவிப் பதிப்புக்குத் திரும்பி, 'கம்ப்ளீட்' சோதனையை இயக்கினேன். பொது மாறிகள் மொத்தம் 17. அவற்றில் 11 மாறிகளை யாருமே மாற்றவில்லை, 'லெட்' ஆக்கினேன். நான்கை ஒரே அமைப்பு ஸ்ட்ரக்டாக்கிப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்று, பட வியூவின் எக்ஸ்டென்ஷனில் கூடுதல் தரவு ஒட்டிவைக்கப் பயன்படும் சாவி. ஆப்ஜெக்டிவ்-சி காலத்து வழக்கம் அது: ஒரு எண் மாறியை வைத்து, அதன் முகவரியை மட்டும் சாவியாகக் கொடுப்பது. அந்த எண்ணை யாரும் படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. அங்கே மட்டும் 'நான்ஐசோலேட்டட் அன்சேஃப்' போட்டு, ஏன் போட்டேன் என்று மேலே இரண்டு வரி குறிப்பும் எழுதினேன். இந்த வேலைகள் முடிந்தபோதே எச்சரிக்கைகள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன.

17-ஆவது மாறியைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இறக்குமதிகளை வைத்திருக்கும் டிக்‌ஷனரி அது. பெயர் 'நிலுவை' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடும் இடங்கள் ஐந்து. நான்கு இடங்கள் யூஆர்எல் செஷனின் டெலிகேட் ஃபங்ஷன்களுக்குள். செஷனுக்கு நாங்கள் க்யூ எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அதுவே ஒரு சீரியல் க்யூவை உருவாக்கிக்கொண்டு அந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அழைக்கிறது. அதுவரை பழுதில்லை. ஐந்தாவது இடம் 'ரத்துசெய்' என்ற பொது ஃபங்ஷன். பயனர் பட்டியலை வேகமாக உருட்டும்போது, திரையை விட்டுப் போன வரிசைக்கான இறக்குமதியை நிறுத்த முதன்மை த்ரெட்டிலிருந்து அழைக்கப்படுவது. அது நேராக டிக்‌ஷனரியிலிருந்து ஒன்றை நீக்கிவிட்டுப் போகிறது. அதே கணத்தில் அந்தப் பக்கம் ஒரு படம் வந்து முடிந்தால் இரண்டு த்ரெட்டுகளும் ஒரே டிக்‌ஷனரியை மாற்றுகின்றன.

இதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து ஒருவர் மூன்று முறை விழுந்த அறிக்கைகளை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் டிக்‌ஷனரியின் நீக்கும் ஃபங்ஷனுக்குள் முடிந்தது. நாங்கள் எத்தனை முயன்றும் எங்கள் கருவிகளில் வரவைக்க முடியவில்லை. 'மீண்டும் நிகழ்த்த இயலவில்லை' என்று எழுதி மூடியது நான்தான். அவர் அன்று அனுப்பிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலுமே முதன்மை த்ரெட்டில் 'ரத்துசெய்' இருந்தது, பக்கத்து த்ரெட்டில் டெலிகேட் இருந்தது. விடை எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பதிவை மீண்டும் திறந்து, காரணத்தை விளக்கி, மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

உடன் வேலை செய்பவரிடம் இதைக் காட்டினேன். 'நிலுவை'க்கு 'அன்செக்டு' போட்டிருந்தால் இது இன்னும் பத்தாண்டு உள்ளேயே கிடந்திருக்கும் என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவரும் என்னோடு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இறக்குமதி ஒரு ஆக்டர், கல்லணை சொன்னபடி டாஸ்க்கை முதலில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. நினைவகச் சேமிப்பு பூட்டுப் பெட்டி. நாங்கள் ஐஓஎஸ் 15-ஐ ஆதரிப்பதால் என்எஸ்லாக் வைத்து நாங்களே எழுதினோம், 24 வரி. முழு லைப்ரரியிலும் 'அன்செக்டு' அந்த ஒரு கோப்பில்தான். க்ளோஷர்கள் எல்லாம் இனி மெயின் ஆக்டரில்தான் அழைக்கப்படும். சேமிப்பில் இருந்து கிடைத்தாலும் அப்படித்தான்.

ஒரே கேள்வி மிச்சம். இதைச் சிறு வெளியீடாக விடலாமா, பதிப்பெண்ணின் முதல் எண்ணை மாற்ற வேண்டுமா?

கல்லணை (ஞாயிறு, மாலை 5.10)

முதல் எண்ணை மாற்றுங்கள். 'ப்ரீகன்கரன்சி' போட்டிருந்தாலும், பின்னணியில் அழைக்கப்படும் என்று நம்பி அந்த க்ளோஷருக்குள் கனமான வேலை செய்துகொண்டிருந்த பயனர் யாராவது இருப்பார். அவருடைய நிரல் கம்பைல் ஆகும், ஆனால் நடத்தை மாறியிருக்கும். வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியில் அதைத்தான் எழுத வேண்டும், ஆக்டரைப் பற்றி அல்ல.

சோதனை இலக்கையும் 6-க்கு மாற்றிவிட்டீர்களா?

தறி (ஞாயிறு, மாலை 5.34)

அது மட்டும் இன்னும் 5-இல் நிற்கிறது. சோதனைக் கிளாஸை மெயின் ஆக்டர் ஆக்கினால், 'செட்அப்' ஃபங்ஷனுக்குள் அதன் பிராப்பர்ட்டிகளையே தொட விடமாட்டேன் என்கிறது. மேலே இருக்கும் எக்ஸ்சிடெஸ்ட்கேஸ் எந்த ஆக்டரையும் சாராதது என்பதால் அப்படி.

முகில்வரி (ஞாயிறு, மாலை 5.41)

'செட்அப்'பின் ஏசிங்க் வடிவத்தை ஓவர்ரைடு செய்யுங்கள், 'த்ரோஸ்' சேர்த்து. அது உங்கள் கிளாஸின் மெயின் ஆக்டரிலேயே ஓடும்.

தறி (ஞாயிறு, மாலை 6.20)

ஓடுகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லை. சோதனை இலக்கையும் 6-க்கு மாற்றிவிட்டேன்.